நாவல் எழுதுவோர்க்கு நோட்டுப் புத்தகம்

(இரண்டாம் ஆண்டுத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

நம் கல்லூரித் தமிழ் மாணவருள் நாவல் எழுதத் தொடங்காதார் அரியர். எழுதி முடித்தார் அவரினும் அரியர். விடுதியில் எம் அறையை அடுத்துள்ள அறைகளில் மட்டும் சென்ற ஆண்டு நான்கு நாவல்கள் பிறந்தன. நான்கும் நான்காம் அதிகாரத்தைக் காணுமுன்னே மறைந்தன. அவற்றுள் ஒன்று எம்முடையதே. இவ்விளம்பருவச் சாவுகளுக்குக் காரணம் யாதென ஆராயப் புகுந்த எமக்குத் திறமையின்மையோ சோம்பலோ காரணமாகத் தோன்றவில்லை. நினைவில் அடங்காத பெரும் பொருளை நினைவிலேயே அடக்க முயன்றமைதான் காரணம் என்று தோன்றிற்று. ஆதலின் நாவல் எழுத விரும்புவோர் எவராயினும், முதலில் காகித நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, அதன்கண் சில திங்களேனும் உழைத்த பின்னரே முதல் அதிகாரத்தில் கைவைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. இதனைக் கேட்ட நண்பர் சிலர் நகைத்தனர். கைப்பேசியும் கணினியும் மலிந்த இந்நாளில் காகிதம் எற்றுக்கு என்று வினவினர். அந்நண்பர்க்கு விடையாகவே இதனை எழுதலானோம்.

வெண்பா ஒன்றை வழிநடந்துகொண்டே மனத்துள் இயற்றி முடிக்கலாம். சிறுகதையையும் ஓரிரவு கண் விழித்து எழுதிவிடலாம். நாவலோ அங்ஙனம் அன்று. அதன்கண் இருபது முப்பது மாந்தர் உலவுவர். ஒவ்வொருவர்க்கும் பிறந்த ஆண்டுண்டு, உறவுண்டு, கடனுண்டு, பேசும் முறையுண்டு. முதல் அதிகாரத்தில் மாமன் என்று அழைக்கப்பட்டவன் ஏழாம் அதிகாரத்தில் சித்தப்பனாக மாறுதல் கூடாது. கதையில் ஆடி மழை பெய்து இரண்டு நாள் கழிவதற்குள் தைப்பொங்கல் வந்துவிடுதலும் கூடாது. இத்தனையும் நினைவில் தாங்கிக்கொண்டு, அவற்றின் மேற் சொல்லழகும் நாடுதல், தலையில் நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு கழைமேல் ஆட முயல்வதை ஒக்கும். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்றும், கணக்கிடாது அடித்தளம் போட்டு இடையில் விட்டவன் காண்போர் நகைப்புக்கு ஆளாவான் என்றும் லூக்கா சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. சீடராவதற்குரிய செலவைப் பற்றி நம் ஆண்டவர் கூறியது அது. ஆயினும் நாவல் எழுதுவோரும் அதனைத் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்வது நன்று.

எம் ஊராகிய எடப்பாடியில் இவ்வுண்மையை விளக்க உவமையும் வேண்டுவதில்லை, தறியே போதும். சேலத்துக்கு மேற்கே சரபங்கா நதியை அடுத்த அவ்வூரில் விசைத்தறியின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. தறியில் ஒரு முழத் துணி இறங்குமுன் பாவு ஓட வேண்டும். இழைகள் எண்ணப்பட்டு, கஞ்சியிடப்பட்டு, விழுதிலும் அச்சிலும் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட வேண்டும். சேலையிற் பூவேலை வேண்டுமாயின், அப்பூவை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவர். அத்தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவர். அத்துளைகளின்படியே தறிமேல் ஏற்றிய பெட்டி இழைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் பூவைத் தோற்றுவிக்கும். இவ்வளவும் முடிந்த பின்னரே நாடா ஓடத் தொடங்கும். தாளில் வரைந்தமையாற் பூவின் அழகு கெட்டதென்று எந்நெசவாளரும் கூற யாம் கேட்டதில்லை. எழுத்தாளர் மட்டுமே, திட்டமிட்டாற் கற்பனை இறந்துபடும் என்று அஞ்சுகின்றனர்.

அவ்வச்சம் வேண்டா என்பதற்குப் பேராசிரியர்களின் நோட்டுப் புத்தகங்களே சான்று. உருசிய நாட்டுத் தஸ்தயேவ்ஸ்கி நாவலுக்கு முன் குறிப்பேடுகளை நிரப்பும் வழக்கமுடையவர். அவை பிற்காலத்தில் அச்சாகியும் உள்ளன. 1866-இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' என்னும் நாவலை அவர் முதலில் குற்றவாளி தானே தன் கதையைக் கூறுவதாகவே எழுதத் தொடங்கினார். பின்னர் அம்முறையைக் கைவிட்டுப் படர்க்கையில் எழுதலானார். தமிழில் 'அசடன்' என்னும் பெயரோடு வந்துள்ள மற்றொரு நாவலின் தலைவன் உலகமே வியக்கும் சாந்தகுணம் உடையவன். ஆனால் தொடக்கக் குறிப்புகளில் அவன் செருக்கும் சினமும் மிக்கவனாகவே இருந்தான். பல திட்டங்களை எழுதி எழுதி அடித்த பின்னரே அச்சாந்த உருவம் தோன்றிற்று. ஆகவே குறிப்பேடு கற்பனையைப் பூட்டி வைக்கும் சிறை அன்று. கற்பனை தன்னோடு தானே மற்போர் புரியும் களம் எனலாம். பிரெஞ்சு நாட்டு எமிலி ஸோலாவோ வேறு வகையினர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றி எழுத எண்ணிய அவர் 1884-இல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆன்சின் என்னும் ஊருக்குச் சென்று, சுரங்கத்துள்ளும் இறங்கிக் கண்டவற்றைக் குறித்து வந்தார். மறு ஆண்டில் 'ஜெர்மினல்' நூலாயிற்று. நாவலுக்கு முன் அவர் தொகுத்த குறிப்புக் கட்டுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளன.

மேல்நாட்டாரைக் கூறி நம்மவரை விடுதல் முறையன்று. இராஜம் கிருஷ்ணன் அம்மையார், எழுதப் புகுந்த மக்களிடையே சென்று தங்கி, அவர்தம் தொழிலையும் துன்பத்தையும் கேட்டறிந்து எழுதியவர். நீலகிரிப் படகரைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' ஆகியவை அங்ஙனம் பிறந்தவை. பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். விலைவாசியும் கப்பல் வரவும் அரண்மனைச் சூழ்ச்சியும் கலந்த அக்குறிப்பு நாவலுக்கென்று எழுதப்பட்டதன்று. எனினும் இருநூறு ஆண்டுகள் கழிந்தபின் பிரபஞ்சன் அதனை அடியாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் இரு நாவல்களை இயற்றினார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் கிடைத்தது. எம் ஊர்ப்பக்கத்தவரே ஆகிய திருச்செங்கோட்டுப் பெருமாள்முருகன், நாவல்களோடு நில்லாமல் கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி 2000-இல் ஓர் அகராதியும் வெளியிட்டார். சொல்லைத் தனித்தனியே கேட்டுக் குறித்து வைக்கும் பொறுமை உடையவர்க்கே அம்மண்ணின் கதை வாய்க்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி எம் செய்தியைச் சிறிது கூறுவோம். எடப்பாடிக்கு வடக்கே மேட்டூர் அணை உள்ளது. 1925-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் சென்னை மாகாணக் கவர்னர் ஸ்டான்லி அதனைத் திறந்துவைத்தார். அதன் முழுக் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. நீர்மட்டம் 120 அடி. தஞ்சை வயல்கள் தழைக்க அந்நீர் தேங்கியது. அது தேங்கிய இடத்தில் முன்னர் ஊர்கள் இருந்தன. நீர் வெகுவாகக் குறையும் கோடையில் பண்ணவாடி அருகே ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளித்தோன்றும். நாகமரைக்குச் செல்லும் பரிசல் துறையில் நின்று அக்கோபுரத்தை ஒரு கோடையில் யாமும் கண்டோம். எம் அம்மாயியின் தாயார் பத்து வயதுச் சிறுமியாய் இருந்தபோது, அப்பள்ளத்தாக்கினின்று பெட்டி படுக்கையோடு வெளியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அணையின் வரலாற்றை அதனைக் கட்டிய பொறிஞருள் ஒருவராகிய பார்பர் என்பார் 1940-இல் நூலாக எழுதிவிட்டார். கல் இத்துணை, சுண்ணம் இத்துணை என்று அதற்குக் கணக்குண்டு. அச்சிறுமி எதனை விட்டு வந்தாள், எதனைக் கையில் எடுத்து வந்தாள் என்பதற்குக் கணக்கு அம்மாயியின் நெஞ்சில் மட்டுமே உண்டு. அதனை நாவலாக்க வேண்டும் என்று எண்ணினோம்.

முதலிற் கைப்பேசியிலேயே எழுதினோம். விடுமுறையில் அம்மாயி திண்ணையில் அமர்ந்து கூறக் கூற, விரலால் விரைந்து தட்டி நிரப்பினோம். தண்ணீர் ஏறிவந்து 'எங்க சாலையை மூடிருச்சு' என்று தம் தாயார் பல முறை சொல்லி அழுவார் என்பது அதில் ஒரு வரி. அவ்வரி எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. சாலை மூழ்கினால் ஊர் உலகத்தோடு உறவற்றுப் போகுமன்றோ? அக்கருத்தை விரித்து, நீருள் இறங்கி மறையும் ஒரு நெடுஞ்சாலையை வருணித்து முதல் அதிகாரம் முழுவதையும் எழுதினோம். அடுத்த விடுமுறையில் அம்மாயிக்கு அதனைப் படித்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் எம்மை நோக்கியிருந்து, "ரோடு முழுகுனதுக்கு எவ கண்ணு அழுவா? நாஞ் சொன்னது சாளை. எங்கம்மா குடியிருந்த சாளை" என்றார்.

சாளை என்பது எம் பக்கத்தில் காட்டிலும் தோட்டத்திலும் குடியானவர் கட்டி வாழும் வீடு. எம் விரல் அதனைச் சரியாகவே தட்டியிருக்கக்கூடும். கைப்பேசியோ தானறிந்த சொல்லாகிய சாலையை முன்வைத்தது. யாமும் பாராது ஏற்றுக்கொண்டோம். ஓர் எழுத்து மாறியது. ஒரு வீடு தெருவாயிற்று. பிழை மாந்தர்க்கு இயல்பு, காகிதத்திலும் நேரும். ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. காகிதத்தில் ஒரு சொல்லை அடித்து வேறொன்றை எழுதினால், அடிபட்ட சொல் அங்கேயே கிடந்து பின்னொருநாள் நம்மை நோக்கி, 'ஏன் என்னை நீக்கினாய்?' என்று கேட்கும். கைப்பேசியிலோ நீங்கிய சொல்லுக்குச் சுவடே இல்லை. எழுதியவனும் நீக்கியவனும் யாரென்றுகூடத் தெரியாது. அன்று மாலையே எடப்பாடிக் கடைவீதியில் இருநூறு பக்கக் கோடிட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதன் முதற் பக்கத்தில் 'சாளை' என்று எழுதினோம்.

அந்நோட்டின் இரண்டாம் உதவியையும் கூறுவோம். அதன் நடுப்பக்கங்களில் ஆண்டுப் பட்டி ஒன்று வரைந்தோம். இடப்புறம் ஆண்டு, அதன் பின் உலகிலும் நாட்டிலும் நிகழ்ந்தது, அதன் பின் கதைமாந்தரின் வயது என மூன்று பத்திகள். எம் பழைய இரண்டாம் அதிகாரத்தில், 1933-இல் அச்சிற்றூரின் ஆலயத்தில் மின்விளக்கு ஒளியில் ஆராதனை நடந்ததாக அழகுற வருணித்திருந்தோம். மேட்டூரில் நீர்மின் உற்பத்தி தொடங்கியதோ 1937-இல். அணை தந்த விளக்கை, அணைக்கு முன்னரே, அணையால் மூழ்கப்போகும் ஊருக்கு ஏற்றிவைத்தோம்! நினைவை நம்பியிருந்தால் இப்பிழையை யாம் கண்டிருக்கமாட்டோம். பட்டியில் இரு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோது அது தானே புலப்பட்டது. மின்விளக்கை நீக்கி மண்ணெண்ணெய் விளக்கை வைத்தோம். விளக்கு மங்கியதனால், யார் முகம் தெரியும், யார் முகம் இருளில் இருக்கும் என்று எண்ண நேர்ந்தது. அதனாற் கதையில் இல்லாதிருந்த ஒரு நிகழ்ச்சி புதிதாகப் பிறந்தது. கணக்குப் பார்ப்பது கற்பனைக்குப் பகை என்பார் இதனை நோக்குவாராக.

மூன்றாவது ஒன்றுண்டு; அதனைக் கூறத் தயங்குகின்றோம். ஓரிரவு அம்மாயி, குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு செயலைக் கூறினார். அது யாரையும் இன்று தண்டிக்கத்தக்கதன்று. எனினும் அச்செயலைச் செய்தவர் வழியினர் ஞாயிறுதோறும் எம்மோடு ஒரே ஆலயத்தில் அமர்பவர். யாம் எழுதுவதைக் கண்டவர் எம் கையைப் பற்றி, "இது உன்னோட இருக்கட்டும் சாமி. புஸ்தகத்துல போட்றாதே" என்றார். நாவலுக்கு அதனினும் சிறந்த நிகழ்ச்சி கிடைத்தற்கரிது என்பதை அக்கணமே உணர்ந்தோம். உணர்ந்தமையால் நாணினோம். அப்பக்கத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. எழுதாது விடவும் மனம் வரவில்லை. எழுதி முடித்து, தாளை நடுவில் மடித்து, ஓரத்தை ஊசிநூலால் தைத்துவிட்டோம். அஃது யாதென ஈண்டும் கூறோம்.

இவ்விடத்தே நண்பர் சிலர் எம்மோடு மாறுபடுவர். எழுத்தாளனுக்கு எதனையும் எழுதும் உரிமை உண்டென்பர். உண்டு என்றே யாமும் கூறுவோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. சில ஆண்டுகட்குப் பின் அதற்கு எழுந்த எதிர்ப்பால் மனமுடைந்த அவர், 2015 ஜனவரியில் எழுத்தாளனாகிய தாம் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கமே தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வழிசெய்தது. அத்தீர்ப்பைத் தமிழ் மாணவர் எவரும் நன்றியோடு நினைத்தல் வேண்டும். எனினும் கூட்டம் கூடி எழுத்தாளனை அச்சுறுத்துதல் வேறு. நம்பி வாய்திறந்த கிழவி ஒருத்தி கைபற்றி வேண்டிக்கொள்ளுதல் வேறு. முன்னதற்கு எழுத்தாளன் பணிதல் கூடாது. பின்னதற்குப் பணியாமல் இருத்தலும் கூடாது. அம்மாயி மனம் மாறினால் நூலைப் பிரிப்போம். மாறாவிடின், அச்செயலின் பின்னிருந்த அச்சமும் பசியும் மட்டும் எம் கதையில் வேறு முகத்தோடு வரலாம், அச்செயல் வாராது. இவ்வாறு ஒன்றை அறிந்தும் வெளியிடாது காத்திருத்தற்கு ஏற்ற இடம் நோட்டுப் புத்தகமே. அது பெட்டியில் உறங்கும். கைப்பேசியில் எழுதியது எவ்வெந்நாட்டுக் களஞ்சியங்களில் படியெடுக்கப்பட்டுக் கிடக்கின்றதென்பதை எழுதியவரே அறியார்.

மறுப்பாளர் கூறுவனவற்றுள் ஏற்கத்தக்கனவும் சில உள. காகிதம் செல்லரிக்கும், நனையும், தொலையும் என்பது மெய்யே. ஆதலின் திங்களுக்கு ஒருமுறை பக்கங்களைப் புகைப்படம் எடுத்து வைத்தல் நன்று. தைத்த பக்கத்திற்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. முதியோர் குரலை அவர் இசைவோடு கைப்பேசியிற் பதிந்துகொள்ளுதலும் நன்றே. சாளை என்னும் சொல்லைக் குரலிற் கேட்டிருந்தால் யாம் பிழைத்திருக்கமாட்டோம். யாம் காகிதத்தை வழிபடுகின்றோம் அல்லோம். கருவி பலவாயினும், கேட்டதைக் கையால் எழுதுங்கால் விரல் மெதுவாகச் செல்லுதலின், மனம் அச்சொல்லோடு சிறிது தங்குகின்றது என்பதே எம் அனுபவம்.

மற்றொரு மறுப்பு எமக்கே உறைக்கின்றது. நோட்டை நிரப்புவதிலே இன்பங்கண்டு நாவலை எழுதாதே விட்டுவிடுவாரும் உளர் என்பர். உண்மை. எம் நோட்டில் நூற்றுப்பத்துப் பக்கங்கள் நிரம்பியுள்ளன. நாவலில் திருத்தமாக நிற்பது ஒரே அதிகாரம். பாவு ஓட்டியே நாளைக் கழிப்பவர் வீட்டில் உலை கொதியாது. ஆகவே எமக்கு யாமே ஒரு வரம்பு விதித்துக்கொண்டோம்: நோட்டின் கடைசிப் பக்கம் நிரம்பும் நாளே குறிப்பெடுத்தலின் இறுதி நாள். இரண்டாம் நோட்டு வாங்குவதில்லை. காகிதத்திற்கு முடிவுண்டு என்பதும் அதன் நலங்களுள் ஒன்று. கைப்பேசிக்கோ கடைசிப் பக்கம் இல்லை.

தொடங்க விரும்பும் இளையோர்க்கு எம் முறையைச் சுருக்கிக் கூறுவோம். வலப்பக்கத்தில் கேட்டதையும் கண்டதையும் மட்டும் எழுதுக. நாள், இடம், கூறினவர் யார் என்பன தவறாமற் குறிக்க. எதிரேயுள்ள இடப்பக்கத்தில் நும் கற்பனையை எழுதுக. இரண்டும் ஒரு பக்கத்திற் கலத்தல் கூடாது. கலந்தால் ஆறு திங்களில் எது அம்மாயி கூறியது, எது நாம் கூட்டியது என்பது நமக்கே விளங்காது. ஊரின் படம் ஒன்று வரைக. கிணறு எங்கே, ஆலயம் எங்கே, இட்டேறி எத்திசையில் திரும்புகிறது என்பவற்றைக் காட்டுக. கடைசி இருபது பக்கங்களைச் சொற்களுக்கு ஒதுக்குக, ஒலித்தபடியே எழுதுக, நும் இலக்கண அறிவால் அவற்றைத் திருத்தற்க. எழுதியதை அடிக்கலாம், அழிக்க வேண்டா. ஒவ்வொரு விடுமுறையிலும் கூறினவர்க்கே படித்துக் காட்டுக. அவர் திருத்தத்தை வேறு மையால் எழுதுக. இவற்றுள் எதற்கும் பொருட்செலவு பெரிதில்லை. பொறுமைச் செலவு பெரிது.

நிறைவாக நம் ஆசிரியப் பெருமக்கட்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் மாணவர் பலர் சிற்றூர்களினின்று வந்தவர். அவர் வீட்டு முதியோர் நெஞ்சில் எழுதப்படாத நூல்கள் பல உள. தமிழ் மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் நடைபெறும் கட்டுரைப் போட்டியோடு, கோடை விடுமுறைக்கு முன்னர் விரும்பும் மாணவர்க்கு ஒரு நோட்டு வழங்கி, விடுமுறை கழிந்ததும் அதனைக் கொணர்ந்து காட்டுமாறு செய்யலாம். நூலகத்தில் ஒரு சிறு பேழையும், உடையவர் இசைவின்றித் திறவாமைக்கு அதற்கோர் பூட்டும் இருந்தால் போதும். அவற்றுள் எத்தனை நாவலாகும் என்பதை யாம் அறியோம். ஒன்றுகூட ஆகாது போயினும், சாளை சாளையாகவே எழுதப்பட்டிருக்கும்.

வரும் கோடையிலும் மேட்டூரில் நீர் குறையலாம். குறைந்தால் கோபுரம் தோன்றும். அம்மாயிக்கு அறுபத்தொன்பது வயதாகின்றது. முழங்கால் வலியால் இப்போது திண்ணைக்கு வருவதற்கே ஒருவர் கைகொடுக்க வேண்டியுள்ளது. அவர் தாயார் கூறியவற்றுள் யாம் இன்னும் கேளாதன பல. எம் நோட்டில் தொண்ணூறு பக்கங்கள் எஞ்சியுள்ளன. தேர்வு முடிந்த மறுநாள் முதற் பேருந்தில் எடப்பாடிக்குப் புறப்படுகின்றோம். படிக்கும் அன்பரே, நீவிரும் நும் ஊருக்குப் புறப்படுங்கால், பையில் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் வைத்துக்கொள்ள மறவற்க.